கணித மேதை இராமாநுஜனும் கல்லூரி மாணவர் தாங்கும் சுமையும்

கல்வியானது நிலபுலன்களினும் நிலைத்த செல்வம் என்பதை நம் சங்கத்து அன்பர்கள் நன்குணர்வர். முற்காலத்தே நம் சின்னமனூர்ப் பகுதி இளைஞனொருவன் கல்லூரிக் கல்வி பெற விரும்பின், மதுரை முதலிய வெளியூர்களுக்குச் சென்று விடுதியிலோ உறவினர் இல்லத்திலோ தங்குதல் வேண்டியிருந்தது. 1956-ஆம் ஆண்டில் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றிய பின்னர் அந்நிலை மாறத் தொடங்கிற்று. இன்று நம் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் கல்லூரிக்குச் செல்லுதல் இயல்பாகிவிட்டது. இது நாம் மகிழத்தக்க வளர்ச்சியே.

ஆயினும், செல்வம் பெருகிய வீட்டில் அதைக் காக்கும் கவலையும் பெருகுதல்போல, கல்வி பெருகிய நம் இல்லங்களில் புதியதொரு கவலை எழுந்துள்ளது. ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் பிள்ளைகளைக் கல்லூரியிற் சேர்க்குங் காலத்தே, பெற்றோர் பலர் ஒரே வினாவை எழுப்புகின்றனர். பட்டப் படிப்போடு கணினிப் பயிற்சியும் சேர்க்கலாமா? அரசாங்க உத்தியோகப் பரீட்சைக்கும் உடனே ஆயத்தம் செய்யலாமா? 2022-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவினர் ஒரே காலத்தில் இரண்டு படிப்புகளைப் பயில இசைவு அளித்துள்ளனரே, நம் பிள்ளையும் இரண்டு பட்டங்களை ஒருங்கே முடித்துவிடலாகாதா? இவ்வாறு வினவுவோர் ஒரு சாரார். மற்றொரு சாராரோ, படிப்பைக் கண்டு அஞ்சிய பிள்ளையின் முகத்தைப் பார்த்து, எதுவும் வேண்டா, எளியதொன்றைப் படித்து முடித்தாற் போதும் என்று கூறிவிடுகின்றனர். இவ்விரண்டில் எது தக்கது? வெறும் உபதேசத்தால் இதைத் தெளிதல் அரிது; உலகறிந்த ஒருவருடைய வாழ்க்கையை எடுத்து நோக்கின் தெளிவு பிறக்கும். ஆதலின் கணித மேதை சீனிவாச இராமாநுஜனுடைய வரலாற்றை இம்மாதம் எழுத முற்பட்டோம்.

அவர் நம் குலத்தவர் அல்லர். நம் இதழில் நம்மவர் வரலாறுகளே பெரும்பாலும் வெளிவருதல் வழக்கம். எனினும், அறிவாளர் அனைவரும் அறிவை விரும்புவோர்க்கு உறவினரே யாதலின், அன்பர்கள் இதனையும் விருப்புடன் ஏற்பரென நம்புகிறோம்.

இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாயைப் பெற்றோர் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதி, மாதம் ஏறத்தாழ 20 ரூபாய் ஊதியம் பெற்றவர். தாயார் கோமளத்தம்மாள் அறிவும் உறுதியும் வாய்ந்தவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அமைந்த சிறு வீட்டிலேயே அவருடைய இளமை கழிந்தது. 1897-ஆம் ஆண்டு ஆரம்பப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறி, அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே பயின்ற ஆறாண்டுகளிலும் பரிசுகள் பல பெற்றார். பள்ளியை விட்டு நீங்குங்கால், தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவருக்குக் கணிதப் பரிசை அளித்து, முழு மதிப்பெண்ணும் இவர் தகுதிக்குப் போதாதென்று சபையறியப் பாராட்டினார். ஆங்கிலம் முதலிய பாடங்களிலும் அந்நாளில் அவர் பின்தங்கியவரல்லர் என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மெட்ரிகுலேஷன் பரீட்சையிற் றேறியவருக்கு மற்றப் பாடங்கள் இயல்பிலேயே வாரா என்று கூறுதல் பொருந்தாது.

இந்நிலையில், 1903-ஆம் ஆண்டளவில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை, விரிவான நிரூபணங்கள் இன்றி, வரிசையாக அடுக்கிய நூல் அது. மாணவர்கள் பரீட்சைக்கு நினைவூட்டிக் கொள்வதற்காக இயற்றப்பட்ட அந்நூல், இவருக்குப் புதையலாயிற்று. ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிப் பார்ப்பதும், அதனின்று புதியன காண்பதுமாக அவருடைய பொழுதெல்லாம் அதிலேயே சென்றது.

1904-ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் எப். ஏ. வகுப்பிற் சேர்ந்தார். தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று அக்கல்லூரியை அக்காலத்தார் புகழ்வர். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் காட்டிய திறமைக்காக உபகாரச் சம்பளமும் கிடைத்தது. அவ்வகுப்பிற் பயில வேண்டியவை ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், உடலியல், கிரேக்க ரோம சரித்திரம் என்பன. இவற்றுள் ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்ளும் உரிமை மாணவருக்கு இல்லை. கணிதத்தில் எவ்வளவு உயர்ந்து நின்றாலும், ஏனைய பாடம் ஒன்றிற் றவறினால் பரீட்சை முழுவதிலும் தவறியவரே ஆவர்.

இராமாநுஜன் சரித்திர வகுப்பில் அமர்ந்திருக்கும்போதும் கணிதமே செய்துகொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. ஒரு தவணைக்கு 32 ரூபாய் கட்டணம். தந்தையாரின் ஒன்றரை மாத ஊதியத்துக்கு நிகரான அத்தொகையை எவ்வாறு செலுத்துவது? 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பதினேழு வயதினரான அவர் வீட்டாரிடம் கூறாமலே விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பெற்றோர் பத்திரிகையில் விளம்பரஞ் செய்து தேடினர். திரும்பி வந்து வகுப்புக்குச் சென்றும், போதிய நாள் வருகை இன்மையின் பரீட்சைக்குச் செல்லும் தகுதியை இழந்தார்.

பின்னர் 1906-ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் இவருடைய ஆற்றலை அறிந்து, கடினமான கணக்குகளை இவருடன் அமர்ந்தே ஆராய்வாராயினர். ஆனால் உடலியற் பாடம் இவருக்கு வேம்பாயிற்று. சீரண உறுப்புக்களைப் பற்றிய வினாவுக்கு விடையெழுதுங்கால், அப்பாடம் தமக்குச் சீரணமாகவில்லை என்னும் பொருள்பட எழுதிக் கையொப்பமும் இடாது விடைத்தாளைக் கொடுத்துவிட்டார் என்றொரு கதை வழங்குகிறது. இடையே வயிற்றுக்கடுப்பு நோயும் வந்து, ஊருக்குச் சென்று சில மாதங்கள் தங்க வேண்டியதாயிற்று. 1906-ஆம் ஆண்டு டிசம்பரில் எப். ஏ. பரீட்சை எழுதித் தவறினார். அடுத்த ஆண்டு தனியாக எழுதி மீண்டும் தவறினார். அதனோடு அவருடைய கல்லூரிப் படிப்பு முடிவுற்றது.

ஈண்டு அன்பர்கள் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். இத்தோல்விக்குக் காரணம் யாது? ஐந்து பாடங்கள் ஒருவரால் தாங்கவொண்ணாத சுமையா? அன்று அவருடன் பயின்ற சாதாரண மாணவர் பலரும் அவ்வைந்தையும் பயின்று தேறினர். அங்ஙனமாயின் அவர் சோம்பேறியா? அவரினும் மிகுதியாக உழைத்த மாணவர் அக்கல்லூரியில் இருந்திருத்தல் அரிது. உண்மை யாதெனின், பாடத்திட்டம் ஐந்து பங்காகப் பகிரக் கூறிய பொழுது முழுவதையும் அவர் ஒன்றற்கே அளித்தார்; மற்ற நான்குக்கும் அளிக்க எஞ்சியது ஒன்றுமில்லை. அதைக் கண்டு, நாளில் இவ்வளவு மணி கணிதத்துக்கு, இவ்வளவு மணி ஆங்கிலத்துக்கு எனப் பகுத்துக் கொடுத்து உடனிருந்து நடத்துவார் ஒருவரும் வாய்த்திலர். முதற் றவறு நேர்ந்தவுடன் உதவித்தொகை நின்றதேயன்றி, ஏன் தவறினார் என்னும் விசாரணை நிகழவில்லை.

நம் பள்ளத்தாக்கினருக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீரால் இங்கே 14,707 ஏக்கர் இருபோக நிலம் விளைகிறது. தலைமடையில் நீர் பெருகி ஓடுவதைக் கண்டு மட்டும் பாசனம் செம்மையாக நடக்கிறதென எந்தக் குடியானவரும் கூறார். கடைமடை வயலில் நீர் ஏறிற்றா என்றே கேட்பர். மாணவனுடைய கல்வியிலும் அவன் மிக நன்றாகப் பயிலும் பாடம் தலைமடை. தளர்ந்து நிற்கும் பாடம் கடைமடை. இராமாநுஜனுக்குத் தலைமடையில் வெள்ளம். கடைமடையோ வறண்டு கிடந்தது. சுமையை அளந்தறிய விரும்புவோர் கடைமடையை நோக்குதல் வேண்டும்.

நிற்க. பட்டமின்றி நின்ற இராமாநுஜன் பின் நான்காண்டுகள் பட்ட துன்பம் பெரிது. 1909-ஆம் ஆண்டில் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தது. பிழைக்கும் வழி தேடி, தம் கணக்குப் புத்தகங்களைக் கையிலெடுத்துக்கொண்டு பல ஊர் சென்றார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவரும், அக்காலத்துத் திருக்கோயிலூரில் டிப்டி கலெக்டராயிருந்தவருமான இராமசாமி ஐயர் இவருடைய தகுதியை உணர்ந்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்தே உதவினார். பிறர் பொருளில் நெடுநாள் வாழ மனமொவ்வாத இராமாநுஜன், 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயரும் கணிதப் புலமை உடையவராதலின், இரவில் இவருடன் அமர்ந்து கணித ஆராய்ச்சிக்கு உதவினார். உணவுக்குப் போதிய ஊதியமும், உடனிருந்து நோக்கும் பெரியாரும் அமைந்தமையால் அவ்வாண்டு முதல் அவர் வாழ்வு திரும்பிற்று.

1913-ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரிப் பேரறிஞர் ஹார்டிக்குத் தாம் கண்ட தேற்றங்களை எழுதியனுப்பினார். ஹார்டி அவற்றை ஆராய்ந்து வியந்தார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத இவருக்குத் தன் பொதுவிதியை விலக்கி, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை தம் ஆராய்ச்சியின் முன்னேற்றத்தை எழுதித் தருதல் வேண்டும் என்பது ஏற்பாடு. எப். ஏ. வகுப்பில் ஒழுங்குக்கு அடங்காதவர் எனத் தோன்றிய அவரே, இவ்வேற்பாட்டுக்கு அடங்கித் தவறாமல் அறிக்கைகளைச் சமர்ப்பித்தார்.

1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையினின்று கப்பலேறி ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்தார். ஆண்டு நாட்பட்ட சிக்கலொன்று ஹார்டியை எதிர்நோக்கியது. இராமாநுஜனுடைய கணித அறிவில், ஓரிடம் மலையளவு உயர்ந்தும், அருகிலேயே மற்றோரிடம் பள்ளமாயும் இருந்தன. முறையான நிரூபணம் என்பதன் இலக்கணமே அவருக்குத் தெளிவாக அமைந்திலது. தொடக்கத்திலிருந்து வரிசையாக எல்லாவற்றையும் கற்பிக்கப் புகுந்தால் அவருடைய ஊக்கமும் தன்னம்பிக்கையும் முறிந்துவிடக் கூடும்; கற்பியாது விடின் அவர் உழைப்பு பிழைபட்டுப்போகும். ஹார்டி இரண்டுக்கும் நடுவழியைக் கைக்கொண்டார். இன்றியமையாதவற்றை மட்டும், ஆராய்ச்சியினூடே சிறிது சிறிதாகப் புகட்டினார். அதனால் மாணவர் வளர்ந்தார். ஆசிரியரும் தாம் கற்பித்ததினும் கற்றது மிகுதியென ஒப்புக்கொண்டார். ஒருவனுக்கு எத்துணைச் சுமை தகும் என்பதைத் தீர்மானித்த நல்லாசிரியர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

அதன் பயன் விரைவில் தோன்றிற்று. 1916-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருடைய ஆராய்ச்சிக்காகப் பட்டமளித்தது. எப். ஏ. பரீட்சையில் இருமுறை தவறியவர் பி. ஏ. ஆனார். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதைக் கணிக்கும் முறையை ஹார்டியும் அவரும் 1918-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 200 என்னும் எண்ணை 3,97,299,90,29,388 விதமாகப் பிரிக்கலாம் என்பது, அதாவது ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி விதமாகப் பிரிக்கலாம் என்பது, அம்முறையால் உறுதிப்பட்டது. அவ்வாண்டிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டிக் கல்லூரியின் பெல்லோவாகவும் தெரிந்தெடுக்கப்பட்டார்.

ஆனால் அறிவுக்கு வழிகண்ட ஊரில் உடலுக்கு வழிகாண்பார் இலர். முதல் உலகப் போர் நடந்த காலம் அது. மரக்கறி உணவினரான அவர் தாமே சமைத்துண்டார்; காய்கறி அரிதாயிற்று. இரவு பகல் பாராது நெடுநேரம் உழைத்து, பின் நெடுநேரம் உறங்குவார்; வேளைக்கு உணவில்லை; குளிரோ தாங்கொணாதது. 1917-ஆம் ஆண்டில் நோயுற்று மருத்துவ விடுதிகளில் தங்கினார். அக்கால மருத்துவர் காசநோய் என்று கருதினர். பிற்காலத்தில் ஆராய்ந்தோர் முன்னைய வயிற்றுக்கடுப்பின் தொடர்ச்சியாகக் கல்லீரலைப் பற்றிய நோயாக இருக்கலாமென்றனர். நோய் எதுவாயினும், ஒழுங்கான உணவும் உறக்கமும் இன்மை அதனை வளர்த்திருக்குமேயன்றித் தணித்திராது. 1919-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, படுக்கையிலும் கணிதஞ் செய்துகொண்டிருந்து, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். அவர் இறுதியாண்டில் எழுதிய தாள்கள் 1976-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு இன்றும் ஆராயப்படுகின்றன. அவர் பிறந்த நாளைத் தேசியக் கணித நாளாக நம் நாட்டினர் கொண்டாடுகின்றனர்.

இவருடைய இளமரணத்தினும், பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை தக்க வழிகாட்டலின்றி வீணான ஆண்டுகளே பெருந்துயரம் என்பது ஹார்டியின் கருத்து. அவ்வயதே இன்று நம் பிள்ளைகள் கல்லூரியிலும் அதனை அடுத்தும் கழிக்கும் வயது. ஆதலின் இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, சுமையைப் பாடங்களின் தொகையால் அளவிடாது, நேரத்தால் அளவிடுதல் வேண்டும். வாரத்துக்கு 168 மணி. உறக்கத்துக்கு 56 மணி. இதிற் குறைத்தல் கூடாது. கல்லூரி வகுப்பு 30 மணி. நம்மூரிலிருந்து பஸ்ஸில் சென்று மீள நாளொன்றுக்கு 2 மணியாக ஆறு நாளைக்கு 12 மணி. உணவு, நீராடல் முதலியவற்றுக்கு 21 மணி. கடையிலோ தோட்டத்திலோ வீட்டுவேலையிலோ பெற்றோருக்கு உதவ 14 மணி. எஞ்சுவது 35 மணியே. கல்லூரிப் பாடங்களை வீட்டிற் படிப்பதும், ஓய்வும், விளையாட்டும், கோயில் குளமும், உறவினர் வீட்டு விசேடமும் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். புதிய பயிற்சியொன்று வாரத்துக்கு எத்தனை மணி கொள்ளுமென்று கேட்டறிந்து, இந்த 35-இல் எதனைக் குறைத்து அதற்கு இடங்கொடுப்போம் என்று பெற்றோரும் பிள்ளையும் தாளில் எழுதிப் பார்ப்பாராக. இடமிருந்தால் சேர்க்கலாம்; இல்லையேல் விடுமுறைக்கோ மறு ஆண்டுக்கோ ஒத்திவைக்கலாம். பெண்மக்களுக்கு வீட்டுவேலை 14 மணியினும் மிகுதல் நம் இல்லங்களில் உண்டு. அவர்களுக்குப் புதிய படிப்பைச் சேர்க்குமுன் வீட்டுவேலையைக் குறைப்பதே நியாயம்.

இரண்டாவது, முதற் பருவத்தில் கல்லூரிப் பாடங்களை மட்டும் ஏற்றல் நலம். அப்பருவப் பரீட்சை முடிந்தபின் கடைமடையைப் பார்க்க வேண்டும். மிகத் தளர்ந்த பாடமும் தேறியிருப்பின் இரண்டாம் பருவத்தில் ஒன்றைக் கூட்டலாம். நிலுவை ஒன்று நின்றாலும் அதைத் தீர்த்த பின்னரே வேறொன்றை நாடுதல் வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைக்கு ஒரு துறையில் தீராத வேட்கை இருப்பின் அதனைத் தடுத்தல் பெரும்பாவம். கணிதத்தை இராமாநுஜனிடமிருந்து பறித்திருந்தால் ஆங்கிலத்தில் தேறியிருக்கலாம். உலகம் இழந்திருப்பதோ மிகப் பெரிது. வேட்கைக்கு நாள்தோறும் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்து, மற்றவற்றுக்கு இன்றியமையாத அளவை உறுதிசெய்தலே வழி. இராமாநுஜனே தவறினார், நான் தவறினால் என் என்று கூறும் இளைஞர்க்கு ஒன்று சொல்வோம். அவர் தவறியதனால் மேதையாகவில்லை. தவறியதனால் பசியோடு ஊரூராய் அலைந்தார்.

நான்காவது, சங்கத்தார்க்கும் தனவந்தர்க்கும் உரியது. உதவித்தொகை பெறும் மாணவன் ஒரு பாடத்திற் றவறினால் உடனே தொகையை நிறுத்துதல் எளிது. கும்பகோணத்தில் அன்று நடந்தது அதுவே. அதற்கு மாறாக, அவனை அழைத்து, எங்கே தங்குகிறாய், எப்போது உறங்குகிறாய், என்ன உண்கிறாய், எந்தப் பாடம் கடினம் என்று வினவி, அப்பாடத்தில் வல்ல நம் பெரியார் ஒருவரிடம் ஒப்புவித்து, மூன்று மாதத்துக்கொருமுறை முன்னேற்றத்தை எழுதித் தரச் செய்தல் சாலச் சிறந்தது. 1913-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் கண்ட வழி அதுவன்றோ?

வெற்றிலைக் கொடியை நட்டோர், அது பற்றிப் படர அகத்தியையும் உடன் வளர்த்தலை நாம் நம் கொடிக்கால்களில் நாளும் காண்கிறோம். கல்லூரி சென்ற பிள்ளைக்குப் பணமும் புத்தகமும் கொடுத்தலோடு, பற்றிக்கொள்ள ஒரு துணையையும் அளிப்போமாக. நம் இளைஞர் தம் ஆற்றலுக்கேற்ற சுமையை மகிழ்வோடு ஏற்று, உடல்நலமும் கல்வியும் ஒருங்கே பெற்று, குடும்பத்துக்கும் நாட்டுக்கும் அணியாய் விளங்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.